புஷ் பின் இல்லாத வாட்சு: பாத்து வாங்கறதும் வாரு கோக்கறதும்

போன வருசம் பொங்கல் லீவுக்குப் பொள்ளாச்சிப் பக்கம் அமுச்சி ஊருக்குப் போயிருந்தனுங்க. தோட்டத்துக் கிணத்துல மோட்டார் ரூம் திட்டு மேல நின்னு ஒரு குதி குதிச்சு, மேல வந்து மூஞ்சியத் தொடைக்கறேன், கையில வாட்சக் காணோம். மாமன் பையன் ரெண்டு மூணு தடவ முழுகிப் பாத்தான், சேறுதான் வந்துச்சு. அப்பறம் சித்திரையில தண்ணி வத்திப்போயி தூரு வாருறப்ப ஒரு பாண்டு சேத்தோட அதுவும் மேல வந்திருக்குது, மாமா எடுத்து வெச்சிருந்தாரு. வாங்கிப் பாத்தா பக்கிள் மாட்டுனது மாட்டுனபடியே இருக்குது, வாரு எங்கயும் அறுகல, ஆறு மணிப் பக்கம் வாரையும் வாட்சையும் சேத்துப் புடிச்சிருக்கற புஷ் பின் மட்டும் காணோம். பத்து ரூவா சாமானுங்க அது. அது ஒண்ணு புடிய விட்டதுக்கு மூவாயிரத்து ஐநூறு ரூவா வாட்சு மூணு மாசம் சேத்துக்குள்ள கெடந்துச்சு.

அதுக்கப்பறம்தான் பின்னே இல்லாத வாட்சுன்னு ஒண்ணு இருக்கறதத் தேடிப் புடிச்சேன். இங்கிலீஷ்ல ஃபிக்ஸ்டு பார்ம்பாங்க. சாதா வாட்சுல ரெண்டு காதுக்கும் நடுவுல (வாரு மாட்டறதுக்கு வாட்சோட ஓரத்துல நீட்டிட்டு இருக்கற லக்க எங்க ரிப்பேர்கார அண்ணன் காதும்பாரு) ஒரு சின்னக் குழாய், உள்ள ஸ்பிரிங், ரெண்டு முனையும் காதுல இருக்கற குழிக்குள்ள போயி உக்காந்துக்கும். அமுக்குனா உள்ள போகும், விட்டா வெளிய வரும். அந்த முனை வளைஞ்சாலோ, குழி தேஞ்சாலோ, உள்ள ஸ்பிரிங் துருப்புடிச்சாலோ கதை முடிஞ்சுது. ஃபிக்ஸ்டு பார்ல இந்தப் பஞ்சாயத்தே கெடையாது. கம்பிய ரெண்டு காதுக்கும் சேத்துப் பத்த வெச்சிருப்பாங்க, இல்லாட்டி இறுக்கி அடிச்சு எறக்கியிருப்பாங்க, வெல கூடுன வாட்சுல காதும் கம்பியும் ஒரே கட்டி மெட்டல்ல கடைஞ்சே எடுத்திருப்பாங்க. கழட்டவே முடியாது. அதுதான் அதோட நல்லது, அதுதான் அதோட கெட்டதும், அந்தக் கெட்டதுக்கு அப்பறம் வர்றேன்.

இது பட்டாளத்துச் சமாச்சாரமுங்க. ரெண்டாம் உலகப்போர் முடியற நேரம், 1945 வாக்குல, பிரிட்டிஷ் ராணுவத்துக்காக ஒமேகா, லாஞ்சின்ஸ், ஐடபிள்யூசி, சைமான்னு மொத்தம் 12 கம்பெனி ஒரே மாதிரி வாட்சு செஞ்சு குடுத்தாங்க, அதுல பெரும்பாலானதுக்கு கம்பி ஃபிக்ஸ்டுதான். அதோட பின் மூடியில மூணு டபிள்யூ அடிச்சிருக்கும், வெப்சைட்டுன்னு நெனச்சுக்காதீங்க, 'வாட்ச், ரிஸ்ட், வாட்டர்ப்ரூஃப்'ங்கறதோட சுருக்கம். அப்பறம் 1973-ல அந்த நாட்டுப் பாதுகாப்புத் துறை வாருக்குன்னே தனியா ஒரு ஸ்டாண்டர்டு போட்டுச்சு, 20 மில்லிமீட்டர் அகலம், சாம்பக் கலர் நைலான். ஸ்டோர்ல அத வாங்கறதுக்கு சிப்பாய் ரொப்பிக் குடுக்கற ஃபாரம் பேரு ஜி10, அந்தப் பேரே வாருக்கும் ஒட்டிக்கிச்சு. இன்னைக்கு எல்லாரும் நேட்டோ ஸ்ட்ராப்புன்னு சொல்றது அந்த வம்சந்தான். இப்பவும் பிரிட்டன்ல சிடபிள்யூசி, வட அமெரிக்காப் பட்டாளத்துக்குச் செய்யற மாரத்தான், இவங்ககிட்ட இந்த மாதிரி வாட்சு கெடைக்குது. 2021-ல டியூடர் கம்பெனி பிரெஞ்சு கடற்படை முக்குளிக்கறவங்களோட சேந்து எஃப்எக்ஸ்டின்னு ஒண்ணு கொண்டு வந்துச்சு, டைட்டேனியம், கம்பி கேசோட (வாட்சோட வெளிக்கூடு) ஒண்ணாக் கடைஞ்சது. வெல லட்சக்கணக்குல, நமக்குப் படம் பாக்கறதோட சரி. நம்மூரு கடைகள்ல வெச்சிருக்கறதெல்லாம் பெரும்பாலும் புஷ் பின்னுதான், அதனால ஃபிக்ஸ்டு பார் வேணும்னா ஆன்லைன்தான், வெளிநாட்டுலருந்து வரவெச்சா கஸ்டம்ஸ் காசையும் மனசுல சேத்தே கணக்குப் போட்டுக்கோங்க.

இப்ப அந்தக் கெட்டது. இதத் தாண்டி வேற எதையும் படிக்காட்டியும் பரவால்ல, இத மட்டும் படிச்சிருங்க. நம்ம கோயமுத்தூருல கணபதி, பீளமேடு, சிட்கோன்னு எந்தப் பக்கம் திரும்புனாலும் லேத்து, டிரில்லிங் மெஷினு, சோமனூர் பல்லடம் போனா தறி. புஷ் பின் வாட்சு எங்கயாவது மாட்டுனா, பின்னு புடுங்கிட்டு வாட்சு போகும், கை தப்பிக்கும். ஃபிக்ஸ்டு பார்ல நைலான் வாரு போட்டிருந்தா ரெண்டுல எதுவுமே விடாது. லேத்துல இரும்பக் கவ்விப் புடிச்சுட்டுச் சுத்தற சக்குல மாட்டுச்சுன்னா வாட்சு கையையும் சேத்து இழுத்துட்டுப் போகும். லேத்துல நிக்கறப்ப எந்த வாட்சையும் கட்டக்கூடாது, மோதரமும் போடக்கூடாது, அது எல்லாப் பட்டறையிலும் சொல்றதுதான், ஆனா இந்த வாட்சுக்கு அது ரெண்டு மடங்கு பொருந்தும். என்ற தம்பி டர்னரா இருக்கறான், எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடுண்ணான்னு கேட்டான், முடியாதுன்னுட்டேன். பட்டறைக்குள்ள போறப்ப கழட்டிச் சட்டப் பையில போட்டுக்கறேன்னு சத்தியம் பண்ணுனான். நம்பல. அவன் ஹெல்மெட்டையே பெட்ரோல் டேங்கு மேல வெச்சு ஓட்டறவன்.

தோட்டத்துல வேலை, பைக்குல தூரப் பயணம், கிணறு வாய்க்கால்ல நீச்சல், வெள்ளியங்கிரி ஏறறது, இதுக்கெல்லாம் தாராளமா வாங்கலாம். தொலையறது பயம்னா ஃபிக்ஸ்டு பார், மாட்டிக்கறது பயம்னா அது வேண்டவே வேண்டாம். ஆபீசுக்கு செயின், கல்யாணத்துக்குத் தோலு, ஞாயித்துக்கெழமை ரப்பர்னு மாத்தி மாத்திப் போடற ஆளா இருந்தாலும் வேண்டாம், அந்த செயின் எல்லாம் இதுல ஏறாது.

வாங்கறப்ப மொதல்ல நெஜமாவே ஃபிக்ஸ்டு தானான்னு பாருங்க. போட்டோவுல காதோட வெளிப்பக்கம் ஓட்டை இருந்தா பெரும்பாலும் அது கழட்டற பின்னு, ஒண்ணு ஸ்பிரிங்கு, இல்லாட்டி திருகு. கையில கெடச்சா நகத்த வெச்சு கம்பிய உருட்டிப் பாருங்க. ஸ்பிரிங் பின்னு சுத்தும், லேசா ஆடும், கடைசியில சின்னதா ஒரு விளிம்பு, அதுக்கு அந்தப் பக்கம் ஒரு நூல் இடுக்கு தெரியும். ஃபிக்ஸ்டு கம்பி மலையாட்டம் நிக்கும், காதோட சேர்ற எடத்துல இடுக்கே இருக்காது. சில பேரு சாதா பின்ன பசை ஊத்தி ஒட்டிட்டு ஃபிக்ஸ்டுன்னு விக்கறாங்க, டார்ச்சடிச்சுப் பாத்தா பசை கண்ணாடியாட்டம் மினுங்கும். பழைய பட்டாளத்து வாட்சு வாங்கறதா இருந்தா கம்பியோட நடுவக் கட்டாயம் பாக்கோணும். வாருக்குள்ள சிக்குன மண்ணும் மணலும் வருசக்கணக்குல அரம் மாதிரி தேச்சுத் தேச்சு, ஓரத்துல தடியாவும் நடுவுல கரும்புச் சக்கையாட்டம் மெலிஞ்சும் இருக்கும். இந்தக் கம்பி போச்சுன்னா பத்து ரூவாய்க்கு மாத்த முடியாது, மெஷின வெளிய எடுத்துட்டு கேச மட்டும் தனியா வெச்சு பத்த வெக்கோணும், இல்லாட்டி லேசர் வெல்டிங்கு. விக்கறவரு நடுக் கம்பிய குளோசப்புல போட்டோ எடுத்து அனுப்ப மாட்டேன்னா அந்த வாட்சு வேண்டாமுங்க.

அடுத்தது அளவு. ரெண்டு காதுக்கும் நடுவுல உள்ளளவு எத்தனைன்னு தெரியாம வாரு வாங்காதீங்க. ஸ்கேல் வெச்சு அளந்தா ஒரு மில்லி முன்னப்பின்ன ஆகும், கோயமுத்தூருல இருந்துட்டு வெர்னியர் கெடைக்கலைன்னு சொன்னா சிரிப்பாங்க, பக்கத்துப் பட்டறையில குடுத்தா அர நிமிசம். 18, 20, 22 இந்த மூணுலதான் வாரு தாராளமாக் கெடைக்குது. மாரத்தானோட சின்ன 34 மில்லி வாட்சுக்கு 16, வாரு தேடறதுக்குள்ள நாக்குத் தள்ளிரும். வாட்சு 18-னா 20 வாரு வாங்கி அமுக்கித் திணிக்கலாம், நைலான் மடிஞ்சு குடுக்கும், ஆனா ஓரம் சுருங்கிச் சீக்கிரம் நைஞ்சிரும். 20 காதுக்கு 18 வாரு போட்டா ரெண்டு பக்கமும் கம்பி பல்லக் காட்டிட்டு நிக்கும்.

அகலத்த விட முக்கியம் கேசுக்கும் கம்பிக்கும் நடுவுல இருக்கற சந்து, இதத்தான் நெறையப் பேரு கோட்டை விடறாங்க. வாரு அந்தச் சந்துலதான் நொழஞ்சு வரோணும். நைலான் வாரு சாதாரணமா 1.2 லருந்து 1.4 மில்லி கனம் இருக்கும். நான் பழைய ஏடிஎம் கார்ட உள்ள விட்டுப் பாப்பேன். ஒரு கார்டு முக்கால் மில்லிக்குப் பக்கம், ஒண்ணு போனாப் பத்தாது, ரெண்டு கார்டு சேந்து லேசாப் போயி வந்துச்சுன்னா நைலான் ஏறிரும். தோல்ல நேட்டோ மாதிரி விக்கறாங்களே, அது பலதும் 2 மில்லிக்கு மேல, ஆசப்பட்டு ஒண்ணு வாங்கி, திணிக்கவும் முடியாம, திருப்பிக் குடுக்கவும் முடியாம வீட்டுல புக்மார்க்கா இருக்குது. நேட்டோ வாரு வாட்சுக்கு அடியில ரெண்டு மடிப்பா வர்றதால வாட்சு ரெண்டர மில்லி கிட்ட ஒசந்து நிக்கும், ஏற்கெனவே தடியான வாட்சா இருந்தா சட்டைக் கைக்குள்ள போகாது. அதனால கேசு ஒல்லியா இருக்கறதா எடுங்க.

தண்ணி விசயம். 30 மீட்டர்னு போட்டிருக்குது, நம்ம கிணறே 80 அடிதானே, 30 மீட்டர்னா 98 அடியாச்சே, அப்பறம் என்னன்னு எங்க மாமா கேட்டாரு. கணக்கு சரிதான், வாட்சு கேக்காது. அந்த நம்பரு ஆடாம அசையாம வெச்சு அழுத்தம் குடுத்துப் பாக்கற டெஸ்ட்டு. 30-னா கை கழுவலாம், மழையில நனையலாம், அவ்வளவுதான். நீச்சலுக்கு 100 மீட்டர், திட்டு மேலருந்து குதிக்கறவங்களுக்கு 200-ம் திருகி மூடற சாவியும் இருந்தாத் தைரியமா இருக்கலாம். பட்டாளத்து டிசைன்னு சொல்ற வாட்செல்லாம் 200 மீட்டர் இல்லீங்க, பலது 50 தான். வாரு கெட்டியாப் புடிச்சுக்கிட்டு உள்ள மெஷினுக்கு ஜலதோசம் புடிச்சா என்ன பிரயோசனம்.

இப்ப வாரு. ரெண்டு துண்டா, ஒவ்வொரு துண்டு முனையிலயும் பின்னு போற மாதிரி இருக்கறது எதுவுமே இதுக்கு ஆகாது. ஒரே நாடாவா இருக்கோணும். நேட்டோவுல நீள நாடாவோட அடியில இன்னொரு குட்டி நாடா தச்சு, அதோட நுனியில ஒரு வளையம் இருக்கும், வாட்சு நகராமப் புடிச்சுக்கறதுக்கு. அந்தக் குட்டி நாடா இல்லாம ஒரே நாடா மட்டும் வர்றத சிங்கிள் பாஸும்பாங்க. ஒல்லியா இருக்கும், எனக்கு அதுதான் புடிக்கும், ஆனா பக்கிளக் கழட்டுன ஒடனே வாட்சு வழுக்கிட்டு கீழ போயிரும், கிணத்து மேட்டுல நின்னு கழட்டாதீங்க. வளையமெல்லாம் தடியா உருண்டையா வர்றது ஜூலு, ஒல்லிக் கைக்கு அது மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போட்ட மாதிரி தெரியும். பெர்லான்னு பின்னல் வாரு ஒண்ணு இருக்குது, ஓட்டையே கெடையாது, பக்கிள் முள்ள எங்க வேணும்னாலும் குத்திக்கலாம், காத்து போகும், வெயில் காலத்துக்கு அதுக்கு மேல ஒண்ணு இல்ல, ஆனா முள்ளு இழுத்து நாளாக நாளாக நூலு பிரியும். வெல்க்ரோ ஒட்டறது பஞ்சு, தூசி, முடி எல்லாத்தையும் சேத்து வெச்சுக்கும், திருப்பூரு ஆளுங்களுக்கு அது வேண்டவே வேண்டாம்.

எலாஸ்டிக்குல ஒண்ணு இருக்குது, பிரெஞ்சு கடற்படைக்காரங்க பாராசூட்டு எலாஸ்டிக் நாடாவ வெட்டி வாரா கட்டுனதுலருந்து வந்தது, ஒரு கொக்கிதான், ஓட்டை கெடையாது. சட்டைக் கை மேலயும் இழுத்து மாட்டிக்கலாம். அது ஆன்லைன்ல விக்கற வெலயப் பாத்துட்டு, நம்மூருல எலாஸ்டிக் நாடாவுக்கா பஞ்சம்னு திருப்பூருல ஒரு நாடாக் கடையில 20 மில்லில ஒரு மீட்டர் வாங்கிட்டு வந்து நானே தச்சேன். ஜட்டிக்குப் போடற எலாஸ்டிக்கு ஜட்டிக்குத்தாங்க. ரெண்டே வாரத்துல தொளதொளன்னு ஆகி வாட்சு முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் டவுன் பஸ்ஸு ஓட்டுச்சு. பேக்குக்கும் பெல்ட்டுக்கும் போடற நெருக்கமா நெய்ஞ்ச நைலான் நாடா வேற, அது நல்லாவே ஒழைக்குது, ஆனா கனம் பாத்து வாங்கோணும்.

நைலான்ல என்னத்தப் பாக்கறதுன்னா, நாடாவ விட மொதல்ல பக்கிள். பித்தளையில முலாம் போட்டது ஒரு கோடைக்கு மேல தாங்காது, வேர்வையில முலாம் உரிஞ்சு பச்சக் கலரு கையில எறங்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்னு போட்டிருக்கோணும். வளையம் நாடாவோட சேர்ற எடத்துல தச்சிருக்கறதா, சூடு வெச்சு ஒட்டுனதான்னு பாருங்க. ஓட்டைக்குச் சுத்தி நூலு பிரியாம உருக்கி விட்டிருக்கோணும். கார் சீட் பெல்ட்டு மாதிரி வழவழன்னு இருக்கறது கைக்கு மெத்துன்னு இருக்கும், சொரசொரப்பா இருக்கறது மொத வாரம் அறுக்கும், அப்பறம் பழகிரும்.

கோக்கற முறை. வாட்சு மூஞ்சி உங்களப் பாக்கற மாதிரி வெச்சுக்கோங்க. பக்கிள் இருக்கற பக்கம் 12 மணிப் பக்கம் வரோணும். நீள நாடாவோட வால 12 மணிக் கம்பிக்கு மேல கொண்டு வந்து, கம்பிக்கும் கேசுக்கும் நடுவுல கீழ எறக்கி, வாட்சோட முதுகு வழியாக் கொண்டு போயி, 6 மணிக் கம்பிக்கும் கேசுக்கும் நடுவுல மேல எழுப்பி, கம்பியத் தாண்டி வெளிய இழுங்க. சிங்கிள் பாஸ்னா இதோட சோலி முடிஞ்சுது. நேட்டோன்னா, கீழ தொங்கற குட்டி நாடா வாட்சுக்கு அடியில முழுசும் படிஞ்சிருக்கோணும், அதோட நுனி வளையத்துக்குள்ள வால விட்டு இழுத்துட்டா வாட்சு அங்கயும் இங்கயும் போகாது. மொதத் தடவ எல்லாரும் குட்டி நாடாவையும் சேத்துச் சந்துக்குள்ள திணிச்சுட்டு இது ஏறவே இல்லீங்கன்னு சொல்வாங்க. நானும் அதத்தான் பண்ணுனேன். நுனி ஏறலைன்னா ஒரு துண்டு செலோடேப்ப நுனியில சுத்திக் கூராக்கி விட்டு, இடுக்கி வெச்சு இழுங்க, கேசுல கீறல் விழாம.

நேட்டோ நாடா பொதுவா 28 சென்டிமீட்டர் கிட்ட நீளம் வரும், ஆறரை இஞ்சுக் கைக்கு வாலு ரொம்ப மிச்சம் இருக்கும். அத வெளிய மடிச்சு வளையத்துக்குள்ள சொருகிக்கறது ஸ்டைலு. புடிக்கலைன்னா வெட்டலாம், ஆனா கத்திரியில வெட்டி அப்பிடியே உட்டீங்கன்னா ரெண்டு நாளுல தேங்கா நாராட்டம் பிரிஞ்சிரும். பழைய கத்தி ஒண்ண அடுப்புல சிவக்கக் காச்சி அதுலயே வெட்டுங்க, வெட்டறதும் ஓரம் உருகி ஒட்டறதும் ஒரே நேரத்துல ஆகிரும். புது ஓட்டை வேணும்னா கோணி ஊசியக் காச்சிக் குத்துங்க. சன்னலத் தொறந்து வெச்சுட்டுப் பண்ணுங்க, நைலான் பொகை நாத்தம் அமுச்சிகிட்ட வசவு வாங்கிக் குடுக்கும்.

கழுவறதுக்கு வாட்சுலருந்து உருவிட்டு, துணி சோப்புல பழைய பல் பிரஷ்ஷ வெச்சுத் தேச்சு நெழல்ல காயப் போட்டாப் போதும். கோடையில வாரம் ஒருக்கா கழுவலைன்னா உப்பு வெள்ள வெள்ளயா பூத்து, அடியில கையில சொறி வரும். ஈரோட்டு மஞ்ச மண்டியில வேலை பாக்கற என்ற கூட்டாளி வெள்ளக் கோடு போட்ட வாரு வாங்குனான், மூணாம் நாளே அது மஞ்சக் கோடு. அவனுக்கு இப்பக் காக்கி. வாரு வெளிய இருக்கறப்பவே கம்பியச் சுத்தி இருக்கற மண்ணையும் தொடச்சு உட்டுருங்க, மேல சொன்ன கரும்புச் சக்கை சமாச்சாரம் அதுலருந்துதான் ஆரம்பிக்குது.

இருக்கற வாட்சையே நகை ஆசாரிகிட்டக் குடுத்து கம்பியப் பத்த வெச்சுக்கலாமான்னு யோசனை வரும். வேண்டாமுங்க. ஸ்டீலு தங்கம் மாதிரி இல்ல, பத்து சரியா ஏறாது, அந்தச் சூட்டுல ரப்பர் வாசரு கருகும், மெஷினக் கழட்டாம வெச்சா டயலும் போச்சு. அதுக்குப் பதிலா, காதுல வெளிய ஓட்டை இருக்கற வாட்சா இருந்தா, விளிம்பு இல்லாத தடியான ஸ்பிரிங் பார் (அதுவும் புஷ் பின்னுதான்) கெடைக்குது, அதப் போட்டு மேல நேட்டோவக் கோத்துக்கோங்க. ஒரு பக்கத்துப் பின்னு புடுங்குனாலும் இன்னொரு பக்கம் நாடாவுலயே வாட்சு தொங்கும். காசு கம்மி, முக்காப் பங்கு நிம்மதி.

தோல் வாருதான் வேணும்னு அடம் புடிக்கறவங்களுக்கும் ஒரு வழி இருக்குது. எங்க அப்பிச்சியோட பழைய கைக்கடியாரம் ஒண்ணு பீரோவுல கெடந்துச்சு, காதே இல்லாம கேசுல கம்பிய வளைச்சு ஒட்டுனது, அந்தக் காலத்துல பாக்கெட் கடியாரத்தக் கையில கட்ட ஆரம்பிச்சப்ப வந்த டிசைனு. அதுக்குத் தோல கம்பியச் சுத்தி மடிச்சு ஒட்டோணும், ஓப்பன் எண்டும்பாங்க. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செருப்பு தைக்கற அண்ணங்கிட்டக் கொண்டுபோனேன். தோலோட நுனியக் கத்தியில சீவி, வெத்தலை கனத்துக்கு ஆக்கி, கம்பியில சுத்தி, பசை தடவி, மெழுகு போட்ட நூல்ல கம்பிய ஒட்டி ஒரே வரிசையில ஏழு தையலு. அம்பது ரூவா. பழசாச்சுன்னா பிரிச்சுட்டு மறுபடி கொண்டா கண்ணுன்னாரு.

கிணத்து வாட்சுக்கும் மெஷின் மாத்தி, தடி பின்னு போட்டு, காக்கி நாடா கோத்து மாமாவுக்கே குடுத்துட்டேன். கண்ணாடிக்குள்ள ஒரு ஓரத்துல இன்னும் துளியூண்டு சேறு இருக்குது.